ஆலங்காயம் இறக்கத்தில் நான் நின்ற பதினோரு நிமிஷம்

என் மல்லிகாக்காவுக்கு,

நீ இப்போ எங்கே இருந்தாலும் அங்கே வளைவே இல்லாத நேர் ரோடா இருக்கட்டும். உன் தம்பி ஏழுமலை எழுதுறேன்.

உனக்கு வருஷம் திரும்பி பதினெட்டு நாள் ஆகுது. திதி கொடுத்தாச்சு. பாலாற்றில் இந்த வருஷம் முழங்கால் அளவு தண்ணி ஓடினது, அதனால் கரையிலேயே உட்கார்ந்தோம். எல்லாம் தீபாதான் செஞ்சா. பொம்பளப் புள்ள செய்யலாமான்னு ரெண்டு பேர் கேட்டாங்க. “எங்கம்மா வேன்ல டெய்லி ஏறும்போது பொம்பள ஓட்டலாமான்னு கேட்டீங்களா?”ன்னு உன் பொண்ணு திருப்பிக் கேட்டா.

தெருமுனையில் உன் போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் கட்டினாங்க. உன் வேன்ல ஷூ கம்பெனிக்குப் போய் வந்த பொம்பளைங்க சேர்ந்து வச்சது. நீ பச்சைப் புடவையில் சிரிச்சினு இருக்கே. கீழே என் பேரு. ‘உயிரைப் பணயம் வைத்து அக்காவை மலையிலிருந்து இறக்கி வந்த அன்புத் தம்பி.’ அதைப் படிச்ச நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கல.

அதுக்காகத்தான் இந்தக் கடிதம். உன் பேருக்கு எழுதுறேன், ஆனா ஊரும் படிக்கட்டும்னு நம்ம ஆளுங்க நடத்துற மாசப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போறேன். அன்னிக்கு நடந்ததை நான் யாருக்கும் சரியாச் சொல்லல, அக்கா. உனக்கும் பாதிதான் தெரியும். மீதி நேரம் நீ பின்னால் படுத்திருந்தே.

படிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் முன்னால் இருந்து சொல்றேன், பொறுத்துக்கோ. மச்சான் போனப்போ தீபாவுக்கு மூணு வயசு. மூணாம் மாசம் நீ ஆணியில் மாட்டியிருந்த அவர் வேன் சாவியை எடுத்தே. மாதனூர்ல இருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு, சாயங்காலம் கம்பெனியில் இருந்து மாதனூருக்கு. இருபது வருஷம். மழைன்னு நின்னதில்ல, காய்ச்சல்னு நின்னதில்ல. நான் லாஸ்டிங் மிஷின்ல நிக்கிறவன். ஷூவோட மேல்தோலை இழுத்து அச்சுல ஒட்டுற வேலை. நானே உன் வேன்ல போனவன்தான். அப்புறம் கம்பெனிக்காரங்க பெரிய பஸ் விட்டாங்க. உன் வேன் வேப்பமரத்தடியில் நின்னுடுச்சு.

வித்துடுன்னு எல்லாரும் சொன்னோம். நீ அதை ஆம்பூர் பைபாஸ் பட்டறைக்கு ஓட்டினு போய் பின்சீட்டையெல்லாம் கழட்டச் சொன்னே. ஒரு பலகைக் கட்டில், ஒரு சின்ன அடுப்பு, தண்ணி கேன் வைக்க ஒரு ஸ்டாண்டு. ஜன்னலுக்கு லைனிங் துணியில் திரை தச்சுப் போட்டே.

“இந்த வண்டி பொறந்ததுல இருந்து ஒரு மலையக்கூட ஏறினதில்ல டா. பாவம் இல்ல?”ன்னு கேட்டே.

“வண்டிக்காகவா போற? இல்ல உனக்காகவா?”

“வர்றியா, இல்லியா? அத சொல்லு.”

வந்தேன். என் வீட்டுக்காரி விஜயாவுக்கு வளைவுன்னாலே வாந்தி, அவ வரல. நீ, தீபா, நான். ஒன்பது நாள். ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறை, ஊட்டி. தீபா அடுப்புல உப்புமா கிண்டுவா, நீ கதவைத் திறந்து காலைத் தொங்கப் போட்டுனு உட்கார்ந்து டீ குடிப்பே. உன்னை அப்படி சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல.

நான் மட்டும் ஒன்பது நாளும் பயந்துனேதான் வந்தேன். பக்கத்து சீட்ல உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும் காலை அழுத்துவேன். “உன் பக்கம் பிரேக்கே இல்ல டா, ஏன் மிதிக்கிற?”ன்னு நீ சிரிப்பே. என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. ஆனா அஞ்சு வருஷத்துக்கு முன்னால் உன் வேனைக் சின்னப் பாலத்துச் சுவத்துல உரசினேனே, அன்னையில இருந்து நான் ஸ்டீரிங்கைத் தொடல. நீயும் கட்டாயப்படுத்தல.

கடைசி ராத்திரி நம்ம மலையிலேயே தங்கணும்னு சொன்னே. திருவண்ணாமலை வந்து, போளூர் பக்கமா ஏறி ஜமுனாமரத்தூர். ஊரெல்லாம் சுத்திட்டு ஜவ்வாது மலையைப் பார்க்காமப் போனா அது கோவிச்சுக்கும்னு சொன்னே. காலையில் கிளம்பி ஆலங்காயம் இறங்கினா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு.

அந்தக் காலையில் பல் தேய்ச்சினே நீ சொன்னே: “இடது கை மரத்துப்போன மாதிரி இருக்குது ஏழு. குளிரா இன்னான்னு தெரியல.”

நான் கேட்டேன். காதுல நல்லா விழுந்தது. ரத்தம் பரிசோதிக்கிற லேப்ல வேலை செய்யுற தீபா பத்தடி தள்ளிப் பாத்திரம் கழுவினு இருந்தா. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. எனக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தா போதும்னு இருந்தது. “கைய ஒதறு, சரியாப்பூடும்”னு சொன்னேன். இதுதான் நான் ஊர்கிட்ட சொல்லாத முதல் விஷயம்.

காவலூர் தாண்டினதும் மழை. பெரிய மழை இல்ல, ஆனா எதிர்ல இருக்கிறதை மறைக்கிற மழை. இறக்கம் ஆரம்பிச்சது. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். ஒரு வளைவுல நீ கியரை மாத்தப் போய் கை நழுவி சீட்ல விழுந்தது. நீ அந்தக் கையைப் பார்த்தே. அது உன் கை இல்லாத மாதிரி பார்த்தே.

“ஏழு... கை வரல டா.”

அதுக்குள்ள வண்டி பள்ளத்துப் பக்கம் சாய ஆரம்பிச்சிடுச்சு. நான் கண்ணை மூடினேன். நீ ஒத்தக் கையால் ஸ்டீரிங்கை இடது பக்கம் திருப்பி, காலால் பிரேக்கை அழுத்தி, மலையோரக் கால்வாயில் முன்சக்கரத்தை இறக்கிட்டே. தடாம்னு நின்னது. பின்னால் பாத்திரமெல்லாம் உருண்டது. நான் கண்ணைத் திறந்தப்போ உன் வாய் ஒரு பக்கமா இழுத்திருந்தது.

தீபா பார்த்ததும் புரிஞ்சுக்கிட்டா. “மாமா, ஸ்ட்ரோக்கு. ஒடனே போவணும்.” செல்லுல டவர் இல்ல. மூணு செல்லுலயும் இல்ல. ரோட்டுக்கு நடுவுல நின்னு கையாட்டினேன், ஒரு வண்டி வரல. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு மலைக்காரர் பைக்ல மேலே இருந்து வந்தார். மூணு பேரும் சேர்ந்து உன்னைத் தூக்கிக் கட்டில்ல படுக்க வச்சோம். அவர் கல் வச்சு முட்டுக் கொடுத்துத் தள்ள, நான் ரிவர்ஸ் எடுத்தேன். நாலாவது தடவை சக்கரம் மேலே ஏறினது.

“நான் முன்ன போயி டவர் கெடைக்கிற எடத்துல நூத்தெட்டுக்குப் போன் போட்றேன். நீங்க எறங்குங்க சார். அவங்க மேல ஏறி வர்றதுக்குள்ள நீங்க கீழ போய்டலாம்”னு சொல்லிட்டுப் போய்ட்டார்.

நீங்க எறங்குங்க. எவ்வளவு சுளுவா சொல்லிட்டார்.

கிளம்பறதுக்கு முன்னால் நீ என்னைக் கூப்பிட்டே. குழறினே, ஆனா எனக்குப் புரிஞ்சது. “ரெண்டாவது கியர்ல வுடு. பிரேக்க மிதிச்சினே இருக்காத. சூடாயிடும்.” அவ்வளவுதான். நீ என்கிட்ட பேசின கடைசிப் பேச்சு அதுதான் அக்கா. ஜாக்கிரதைன்னு சொல்லல, தீபாவைப் பார்த்துக்கோன்னு சொல்லல. கியரைச் சொன்னே.

ரெண்டாவது கியர்லதான் விட்டேன். ஆனா பிரேக்கை மிதிக்காம இருக்க என்னால முடியல. வண்டி தானா ஓடுற மாதிரி இருக்கும், உடனே கால் போய்டும். கண்ணாடி பூரா ஆவி. வைப்பர் தடக் தடக்னு அடிச்சது. ஸ்டீரிங்கைப் பிடிச்ச விரல் மரத்துப் போச்சு. பள்ளத்துப் பக்கம் ஒரு இடத்துல தடுப்புச் சுவர் உடைஞ்சு, அந்த ஓட்டை வழியா மேகம்தான் தெரிஞ்சது. அதைப் பார்த்ததில் இருந்து நான் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கல.

பின்னால் தீபா பேசினே வந்தா. “அம்மா, இதோ வந்துட்டோம். ஆமாம்மா, மாமாதான் ஓட்றாரு. நல்லாத்தான் ஓட்றாரு. கொஞ்சம் பொறுத்துக்கோம்மா.” நீ பதில் சொல்றதா நெனச்சேன். மழைச் சத்தத்துல எனக்குத்தான் கேட்கலன்னு நெனச்சேன்.

அப்புறம் நாத்தம் வந்தது. சூடான மிஷின்ல ரப்பர் தீயுற மாதிரி. பிரேக்கை மிதிச்சா கால் உள்ளே போய்னே இருந்தது. பாதி வரைக்கும் ஒண்ணுமே இல்ல. எதிர்ல வளைவு. நான் கத்தினேன்னு நெனைக்கிறேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கம் உரசி, ஒரு பாறைக்கு ரெண்டு அடி முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

ஊருக்கு நான் சொன்னது இது: பிரேக் சூடாச்சு, ஆறட்டும்னு நிறுத்தினேன், ஆறினதும் எடுத்தேன். எல்லாரும் தலையை ஆட்டினாங்க. புத்திசாலித்தனமா செஞ்சிருக்கான்னு சொன்னாங்க.

நெஜம் வேற. நான் கதவைத் திறந்து இறங்கினேன். ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். “மாமா, எடுங்க! மாமா!”ன்னு தீபா உள்ளே இருந்து கத்தினா. நான் திரும்பல. கீழே போற ரோட்டைப் பார்த்தேன். நடந்து போய்டலாம்னு தோணினது அக்கா. நடக்கக்கூட இல்ல, ஓடிப்போய்டலாம்னு. கீழே போய் யாரையாவது கூட்டினு வர்றேன்னு சொல்லிட்டு ஓடிடலாம். சொல்றதுக்கு நல்ல காரணம்தானே? யாரும் தப்பாப் பேச மாட்டாங்க. முப்பது நாப்பது அடி நடந்தும் போய்ட்டேன். வளைவு திரும்பி வண்டி மறையற வரைக்கும் போய்ட்டேன்.

உன்னையும் உன் பொண்ணையும் அந்த மழையில் விட்டுட்டு.

என்ன என்னைத் திருப்பினதுன்னு கேட்டா எனக்குத் தெரியல. தைரியம் இல்ல, அது மட்டும் நிச்சயம். அங்கே தனியா நிக்கிறதும் பயமாத்தான் இருந்தது. திரும்பி வந்து சீட்ல உட்கார்ந்து செல்லைப் பார்த்தேன். நிறுத்தினப்போ பத்து நாப்பது. இப்போ பத்து அம்பத்தொண்ணு.

மீதி வழி எப்படி இறங்கினேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. முதல் கியர்ல, மாட்டு வண்டி வேகத்துல. பிரேக் கொஞ்சம் பிடிச்சது. கீழே ஆம்புலன்ஸ் நின்னது. அதுல இருந்தவர் உள்ளே ஏறி உன் கழுத்துல விரல் வச்சுப் பார்த்துட்டு தீபாவைக் கேட்டார், “எப்ப மூச்சு நின்னுச்சும்மா?”

“இப்பதாண்ணா”ன்னு அவ சொன்னா.

இப்பதான். அந்த ஒரு வார்த்தையோடதான் நான் ஒரு வருஷமா வாழறேன். இப்பதான்னா, பதினோரு நிமிஷம் முன்னால் வந்திருந்தா? ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒண்ணும் சொல்லல. நானும் கேட்கல. கேட்டா பதில் சொல்லிடுவாரேன்னு பயம். கம்பெனி பஸ் ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கினா என் கால் தானா அழுந்தும். மழை தூறினா லைன்ல நிக்க முடியாது, சூப்பர்வைசர்கிட்ட வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு வெளியே வந்துடுவேன். விஜயா பேஜாராகி என்னய்யா உனக்குன்னு கேட்டுக் கேட்டு விட்டுட்டா. ‘அக்கா மேல அவ்ளோ பாசம்’னு ஊர் பேசுது.

போன வாரம் ஞாயித்துக்கிழமை காலையில் தீபா வந்தா. சாவியைக் கையில் வச்சுனு இருந்தா. பிரேக்கெல்லாம் புதுசாப் போட்டாச்சாம். லைசென்சும் வாங்கிட்டாளாம், என்கிட்ட சொல்லாமலே.

“மாமா, வண்டி எடுக்கப் போறேன். பக்கத்துல ஒக்காருங்க.”

“வித்துடலாம் தீபா. வேணாம் இந்த வண்டி.”

“ஏன்?”

ஏன்னு கேட்டுட்டா. வேப்பமரத்தடியில் நின்னுனே எல்லாத்தையும் சொல்லிட்டேன். கை மரத்துப்போச்சுன்னு நீ சொன்னது. நான் இறங்கினது. ஓடலாம்னு நெனச்சது. வளைவு வரைக்கும் போனது. பதினோரு நிமிஷம். சொல்லி முடிச்சப்போ அவ முகத்தைப் பார்க்கப் பயந்து வண்டி டயரைப் பார்த்துனு நின்னேன்.

அவ வேப்பமரத்துல சாஞ்சு நின்னா. அப்புறம் சொன்னா: “நீங்க நிறுத்தறதுக்கு முன்னாடியே அம்மா போய்டுச்சி மாமா.”

எனக்குப் புரியல.

“கெளம்பி ரெண்டு வளைவு கூட ஆவல. நாடி பார்த்தேன், இல்ல. கண்ணுல செல் லைட் அடிச்சுப் பார்த்தேன். நெஞ்ச அமுக்கினேன். நீங்க திரும்பிப் பார்க்கல, ரோட்டயே பார்த்துனு இருந்தீங்க.”

“பேசினே வந்தியே? ஆமாம்மா, ஆமாம்மான்னு?”

“நீங்க ஓட்டணுமே. சொன்னா ஸ்டீரிங்க விட்டுடுவீங்கன்னு பேசினே வந்தேன்.”

“அப்புறம் ஏன் எடுங்க எடுங்கன்னு கத்தின? போனப்புறம் என்ன அவசரம்?”

அப்போதான் அவ அழுதா. நீ போன அன்னிக்குக்கூட அப்படி அழல. “நீங்க என்ன வுட்டுட்டுப் போறீங்கன்னு தெரிஞ்சுது மாமா. கண்ணாடி வழியா பார்த்தேன். நீங்க வளைவுல மறைஞ்சிட்டீங்க. அம்மா தலை என் மடியில இருக்குது. நான் இன்னா பண்ணுவேன்?”

இருபத்தி மூணு வயசுப் பொண்ணு அக்கா. நான் ரோட்டோரம் நின்னு என் பயத்தைப் பார்த்துனு இருந்தப்போ, அவ அந்த வண்டிக்குள்ள உன்னை மடியில் வச்சுனு என் முதுகைப் பார்த்துனு இருந்திருக்கா. ஒரு வருஷமா அதை மனசுல வச்சுனே எனக்கு டிபன் பாக்ஸ்ல குழம்பு கொண்டாந்து கொடுத்திருக்கா. நிமிஷத்தைப் பத்தித்தான் நான் பயந்தேன். அவளைப் பத்தி ஒரு நாளும் நெனைக்கல.

அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். மன்னிச்சுடும்மான்னு சொன்னேன். “திரும்பி வந்தீங்க இல்ல”ன்னு சொன்னா. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். முழுசா மன்னிச்சுட்டேன்னு அர்த்தம் இல்ல. ஆனா சாவி இன்னும் அவ கையிலதான் இருந்தது, என்னையும் போங்கன்னு சொல்லல.

ஒண்ணு மட்டும் உன்னைக் கேட்கணும். அவ சொன்னது நெஜமா? இல்ல, மாமா படுற பாட்டைப் பார்த்துட்டு அங்கேயே நின்ன வாக்கில் கட்டிச் சொன்ன பொய்யா? கீழே ஆம்புலன்ஸ்காரர்கிட்ட இப்பதான்னு சொன்னவ அவதானே. ரெண்டுல ஒண்ணு பொய். எது? எந்த வளைவுல போனே அக்கா? நான் ஓட்டினு இருந்தப்பவா, இல்ல வாந்தி எடுத்துனு நின்னப்பவா? “நல்லாத்தான் ஓட்றாரு”ன்னு அவ சொன்னப்போ உனக்குக் கேட்டுதா?

நீ சொல்லப்போறதில்ல. அவகிட்ட நான் திரும்பக் கேட்கவும் மாட்டேன். அவ கொடுத்ததை வாங்கிக்கிறேன். அது பொய்யாவே இருந்தாலும், அதைத் தூக்கிப் போட எனக்கு யோக்கியதை இல்ல.

அன்னிக்கு வண்டியை எடுத்தா. மாதனூர்ல இருந்து சர்வீஸ் ரோட்டுல நாலு கிலோமீட்டர். உன்னை மாதிரியே முழங்கையை ஜன்னல்ல வச்சு ஓட்றா, எனக்கு அதைப் பார்க்க முடியல. என் கால் அழுந்தினே இருந்தது. அவ பார்த்தா, சிரிக்கல, வேகத்தைக் கொஞ்சம் குறைச்சா.

வர்ற ஞாயித்துக்கிழமை ஆலங்காயம் போய் மேலே ஏறணும்னு சொல்றா. ஏறி, அந்தக் கால்வாய்கிட்ட ஒரு மாலை வச்சுட்டு, அதே வழியா இறங்கணுமாம். இதை எழுதும்போதே எனக்கு உள்ளங்கை வேர்க்குது. வானிலையில் மழைன்னு போட்டிருக்கான். மழைன்னா வேணாம்னு சொல்லிப் பார்த்தேன். “மழைன்னாலும்தான் மாமா”ன்னு சொல்லிட்டா.

ஃப்ளெக்ஸைக் கழட்டிட்டேன். உன் போட்டோவை மட்டும் வெட்டி எடுத்து வீட்டுல வச்சிருக்கேன். கீழே இருந்த வரியை மடிச்சு அடுப்புல போட்டேன். ஊர் என்னை என்ன சொன்னாலும் இனி கேட்டுக்குறேன்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். தைரியமா இருப்பேன்னு சொல்ல மாட்டேன், அது என்னால முடியாது. பயந்துனே வருவேன். வாந்தி வந்தா கவர்ல எடுப்பேன். ஆனா உன் பொண்ணு வண்டி எந்த மலையில் எந்த வளைவுல நின்னாலும், அது திரும்பக் கிளம்பற வரைக்கும் நான் கதவைத் திறந்து இறங்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவன், தீபாவுக்குத் தாய்மாமன்,
ஏழுமலை
மாதனூர்